மேற்படி கம்ப்யூட்டர்

வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, "மேற்படி சொத்தின் வடபுறச் சுவரில் மேற்படி நபருக்கு உள்ள" என்ற இடத்தில் கம்ப்யூட்டர் உயிரை விட்டது. என்ன உள்ளது, உரிமையா வில்லங்கமா என்று தெரிவதற்குள் திரை கறுத்துவிட்டது. விசைப்பலகை மேல் வைத்த பத்து விரலையும் எடுக்காமல் அவள், "என்னங்க," என்று கூப்பிட்டாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். இருபத்திரண்டு வருடக் குடும்பத்தில் அவள் மெதுவாகக் கூப்பிட்ட நேரமெல்லாம் பெரிய விஷயமாகத்தான் இருந்திருக்கிறது.

அவர் சமையலறைக் குழாயைக் கழற்றிக் கையில் பிடித்தபடி வந்து நின்றார். அந்தக் குழாயில் ஒரு கோளாறும் இல்லை. அவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். வேலை பார்த்த சர்வீஸ் கம்பெனி நாலு மாதத்துக்கு முன்னால் ஷட்டரை இறக்கிவிட்டது. அதிலிருந்து கை அரிப்புத் தாங்காமல் வீட்டில் ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். கதவுகள் முனகுவதை நிறுத்தியிருந்தன. மின்விசிறி சத்தமில்லாமல் சுற்றியது. ஜன்னல் கொக்கிகள் மட்டும் அவர் செய்த உபகாரத்தில் முன்னைவிட இறுகிப்போய், திறக்க ஆள் தேவைப்பட்டது. அவர் கை படாத ஒரே சாமான் அந்தக் கம்ப்யூட்டர்தான். அதன் பக்கம் அவரை அவள் அண்டவிட்டதே இல்லை.

அண்டவிடாததற்குக் காரணம் இருந்தது. தெருவில் அவளுக்குப் பெயர் டைப்பிஸ்டம்மா. அச்சகத்துக்காக வீட்டில் உட்கார்ந்து தமிழ் தட்டச்சு செய்து கொடுப்பவள். பதினாலு வருடமாக அதே பெட்டி, அதே விசைப்பலகை. எழுத்துகள் தேய்ந்து பாதி விசைகள் வழுக்கையாகிவிட்டன. அவளுக்கு அதனால் ஒன்றும் குறையில்லை, குனிந்து பார்த்தால்தானே. இப்போது அவர் சம்பளமும் நின்றுபோன பிறகு, வாடகை, சாப்பாடு, விடுதியில் தங்கிப் படிக்கிற மகளின் செலவு எல்லாம் அந்த வழுக்கை விசைகளின் மேல்தான் நின்றன.

கையில் இருந்த வேலை, பத்திரம் எழுதி ஓய்வு பெற்ற ஒருவர் சொத்துப் பத்திரங்களைப் பற்றி எழுதிய தடித்த புத்தகம். கையெழுத்து கோழி கிளறினாற்போல இருக்கும். முந்நூற்று நாற்பது பக்கத்தில் அறுபது பாக்கி. புதன்கிழமை காலை பத்து மணிக்கு அச்சகத்தில் இருக்க வேண்டும். இது நேரத்துக்கு வந்தால் அடுத்த மூன்று புத்தகமும் அவளுக்கு, வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்று அச்சகக்காரர் சிரித்துக்கொண்டேதான் சொல்லியிருந்தார். அவர் சிரித்துக்கொண்டு சொன்னதை எல்லாம் செய்துவிடுகிற மனிதர்.

"எத்தனை தரம் பீப் அடிச்சுது?" என்று கேட்டார் மெக்கானிக்.

"அடிக்கவே இல்லை. அப்படியே போயிடுச்சு."

"சூடாத்தான் இருக்கும்."

"உங்களுக்கு எல்லாமே சூடுதான்."

"எல்லாமே சூடுதாம்மா. சூட்டை வெளிய தள்ளத் தெரிஞ்சா உலகத்துல பாதிப் பிரச்சனை தீர்ந்துடும்."

அரை மணி நேரத்தில் மச்சினன் வந்துவிட்டான். அவளுடைய தம்பி, மொபைல் ரிப்பேர் கடையில் வேலை. அக்கா வீட்டில் ஒன்று உடைந்தால் ஓடி வருவான், ஆனால் வரும்போதே புதுசு வாங்குகிற யோசனையோடுதான் வருவான். பெட்டியை இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"அக்கா, இதுக்கு வயசாயிடுச்சு. விட்டுடு. தவணைல ஒரு லேப்டாப் எடுத்துடலாம்."

"தவணைய யாருடா கட்டுவா?"

"முதல் தவணை நான் கட்டறேன்."

"மீதி?"

"மீதி கடவுள் விட்ட வழி."

"கடவுள் கையெழுத்துப் போட்டா வாங்கலாம். லேப்டாப்ல என் சாஃப்ட்வேர் ஏறாதுடா. அது அந்தக் காலத்துது, இந்தப் பெட்டியிலதான் ஓடும். அச்சகத்துலயும் அந்த எழுத்துல கொடுத்தாத்தான் பக்கம் போட முடியும்."

"இப்பல்லாம் யாரு டைப் அடிக்கறா? வாயால சொன்னா போன் எழுதிடும். பாரு." அவன் போனை வாயருகே வைத்து, பாடம் ஒப்பிக்கிற குரலில், "மேற்படி சொத்தின் வடபுறச் சுவர்," என்றான். போன் சற்று யோசித்து, 'மேல்படி செத்தவன் வடபுறம் சவரம்' என்று எழுதிக் காட்டியது.

அவள் வாங்கிப் படித்தாள். அவ்வளவு கவலையிலும் சிரிப்பு வந்துவிட்டது. "செத்தவனுக்கு எதுக்குடா சவரம்? அதுவும் வடபுறம் மட்டும்?"

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் மெக்கானிக் வாயைத் திறந்தார். பெட்டியைத் தன்னிடம் விடச் சொன்னார். ஃபிரிட்ஜுக்கு உள்ளே இருப்பதும் போர்டுதான், இதற்குள் இருப்பதும் போர்டுதான். எது கெட்டிருக்கிறதோ அதை மட்டும் மாற்றுவது, மாற்றுகிற சாமானும் பழைய சாமான் விற்கிற தெருவில் வாங்குவது. மூன்று நாள் போதும். சொல்லச் சொல்ல அவர் குரல் பழைய வேலைக் குரலாக மாறிக்கொண்டே வந்தது, வாடிக்கையாளர் வீட்டில் ஈரத் தரையில் நின்றுகொண்டு பேசுகிற குரல்.

அவள் அவரையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். வேறு வழி என்று ஒன்று இருந்திருந்தால் சம்மதித்திருக்க மாட்டாள்.

"ஞாயித்துக்கிழமை மத்தியானத்துக்குள்ள வேணும். அதுக்கு மேல போனா அறுபது பக்கம் முடியாது."

"ஆயிடும்."

"அதுக்குள்ள இருக்கற ஒரு எழுத்துகூடப் போகக் கூடாது. பொண்ணு சின்னதுல எடுத்த போட்டோ எல்லாம் அதுலதான் இருக்கு."

"போகாது."

"தேவையில்லாததைத் தொடாதீங்க. ஓடறது எதையும்…" என்று ஆரம்பித்தவள், தம்பியைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். "ஒன்னுமில்லை. பார்த்துச் செய்ங்க."

பொதுவாக எல்லாப் பெண்களும் எல்லா மெக்கானிக்குகளிடமும் சொல்வதுதானே என்று அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அவள் அச்சகத்துக்குப் போய்விட்டாள். அங்கே உட்கார்ந்து, முடிந்த பக்கங்களுக்குப் பிழை திருத்துவதாக ஏற்பாடு. அவர் சாப்பாட்டு மேசையில் பழைய போர்வையை விரித்து, பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினார். கழற்றியவுடன் இரண்டடி பின்னால் போய்விட்டார். உள்ளே பெட்டி தெரியவில்லை, கம்பளிதான் தெரிந்தது. வீடு இரண்டாவது மாடி, கீழ்த் தளத்தில் சலவைக்கடை. துணியிலிருந்து கிளம்புகிற பஞ்சுத் தூள் நீராவியோடு மாடிப்படி வழியாக ஏறி, ஜன்னல் வழியாக வந்து, பதினாலு வருடமாக இந்த விசிறி வழியாக உள்ளே போய்க் குடியேறியிருந்தது. ஊரார் சட்டை, ஊரார் படுக்கை விரிப்பு எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் அதற்குள் இருந்தது. தூரிகையால் தள்ளி, சைக்கிள் பம்பால் ஊதி, கடைசியில் விரலால் பிய்த்து எடுத்தார். ஒரு முறம் அளவுக்குச் சேர்ந்தது. நடுவில் மகளின் தலைக்கிளிப் ஒன்றும் கிடைத்தது. அது எப்படி உள்ளே போனது என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

பஞ்சை எடுத்த பிறகு நோய் தெரிந்தது. மின்சாரம் கொடுக்கிற பெட்டிக்குள் நாலு கெப்பாசிட்டர் உருளைகள் தலை வீங்கி உட்கார்ந்திருந்தன. அதுதான் வியாழக்கிழமை உயிரை விட்டது. மூளைச் சில்லின் மேல் தடவியிருந்த பசை காய்ந்து சுண்ணாம்பாகிவிட்டது. இரண்டு நினைவகப் பட்டையில் ஒன்று வேலை செய்யவில்லை. ஹார்ட் டிஸ்க்கை மச்சினன் கடைக்கு எடுத்துப்போய்ச் சோதித்ததில், கிட்டிக் கிட்டிச் சத்தம் போட்டது. "இது இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்கு மாமா," என்றான் அவன். "காப்பி எடுத்துப் புது டிஸ்க்ல போட்டுடணும்."

கையில் இருந்த பணம் லேப்டாப் வருகிற அட்டைப் பெட்டிக்குக்கூடப் போதாது. அதில் வாங்கியே ஆக வேண்டியது டிஸ்க்தான், அதில் பழசு வாங்கக் கூடாது. மற்றதை எல்லாம் அவர் தன் வழியில் பார்த்துக்கொண்டார். பசை அவர் பையிலேயே இருந்தது, ஏசி போர்டுக்குத் தடவுகிற அதே வெள்ளைப் பசை. நினைவகப் பட்டையை மச்சினன் தன் கடையில் யாரோ விட்டுப்போன பெட்டியிலிருந்து கழற்றினான். கழற்றினானா சுட்டானா என்று அவர் கேட்டதற்கு, முதலாளியிடம் சொல்லிவிட்டுத்தான் எடுத்ததாக மூன்று முறை சத்தியம் செய்தான்.

மின்சாரப் பெட்டிக்காகச் சனிக்கிழமை காலை பழைய சாமான் தெருவுக்குப் போனார். வெயில் அன்று பத்து மணிக்கே பல்லைக் காட்டியது. கம்ப்யூட்டர் குடலை எல்லாம் உருவி வாசலில் குவித்து வைத்திருந்த ஒரு கடையில், வியர்வை வழிய உட்கார்ந்திருந்த கடைக்காரர் ஒரு விலை சொன்னார். மெக்கானிக் பேரம் பேசவில்லை. கடைக்காரருக்குப் பின்னால் இருந்த தண்ணீர் கூலரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது கூல் ஆகலையா?"

"அது கூல் ஆகறதை நிறுத்தி ரெண்டு மாசம் ஆச்சு. இப்ப அதுல டீ போடலாம்."

"சத்தம் வருதா?"

"சத்தத்துக்கு ஒன்னும் குறைச்சல் இல்லை."

"நான் பார்க்கறேன். சரியாச்சுன்னா இதைக் கொடுங்க. ஆகலைன்னா நீங்க சொன்ன விலை."

ஒன்றரை மணி நேரம் அவர் அந்தக் கூலருக்குப் பின்னால் மண்டியிட்டிருந்தார். எழுந்தபோது முட்டி இரண்டும் கறுத்திருந்தன. கடைக்காரர் ஒரு டம்ளர் பிடித்துக் குடித்து, கண்ணை மூடி, "ஹா," என்றார். நாலு மாதமாக அந்த ஒரு 'ஹா'வைக் கேட்காமல்தான் தான் இப்படி வாடிப்போயிருக்கிறோம் என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது. நல்லதாக ஒரு மின்சாரப் பெட்டியைக் கடைக்காரரே பொறுக்கி எடுத்து, சோதித்தும் கொடுத்தார்.

திரும்பி வருகிற வழியில், கடிகாரக் கடையில் ஒரு சின்னப் பொத்தான் பேட்டரியும் வாங்கினார். போர்டில் அப்படி ஒன்று செத்துக் கிடந்ததைப் பார்த்திருந்தார். அது செத்ததால்தான் தினமும் காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் அது தேதி மறந்து, என்றைக்கோ போன ஒரு ஜனவரி ஒன்றாம் தேதியில் போய் நிற்கும். எஃப் ஒன் அழுத்து என்று கேட்கும். அவளும் அலுத்துக்கொள்ளாமல் அழுத்துவாள். வாங்கியதிலேயே மலிவான சாமான் அதுதான். அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சொல்லாமல் செய்து அவளை அசத்த வேண்டும் என்று நினைத்துக்கொண்டே மாடி ஏறினார்.

அன்று மாலை மச்சினன் கடையிலிருந்து ஒரு சின்னப் பெட்டி கொண்டுவந்தான். ஒரு பக்கம் பழைய டிஸ்க், மறு பக்கம் புது டிஸ்க் செருகினால் அதுவே பார்த்துப் பார்த்து எழுதிக்கொள்ளும். இரண்டு மணி நேரத்தில் எழுதி முடித்தது. பழைய டிஸ்க்கை அவர் ஒரு துணியில் சுற்றி அலமாரியில் வைத்தார். எந்தச் சாமானையும் வேலை முடிந்த அன்றே தூக்கிப் போடக் கூடாது என்பது தொழில் பழக்கம்.

ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரைக்கு எல்லாம் மாட்டி முடிந்தது. பொத்தானை அழுத்தினார். பெட்டி பூனை மாதிரி ஒரு மூச்சு விட்டு எழுந்தது. முன்பெல்லாம் அது எழுந்திருப்பதற்குள் அவள் ஒரு டீ போட்டுக் குடித்துவிடுவாள், இப்போது அடுப்புப் பற்ற வைப்பதற்குள் படம் வந்துவிட்டது. தேதியையும் மணியையும் சரியாக வைத்தார். மகளின் போட்டோக்களைத் திறந்து பார்த்தார், பல் விழுந்த வாயோடு அவள் சிரித்தாள். தட்டச்சுச் சாஃப்ட்வேரையும் ஒரு தடவை திறக்கப் போனவர், அது அவள் தொடங்க வேண்டிய காரியம் என்று கையை எடுத்துக்கொண்டு, கைலியைத் தட்டிக்கொண்டு கூப்பிட்டார்.

"வாம்மா. உன் கம்ப்யூட்டர் வந்துடுச்சு."

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். மச்சினன் பின்னால் நின்று கை தட்டினான்.

"இனிமே எஃப் ஒன் எல்லாம் அழுத்த வேண்டாம்," என்றார் அவர். "மூலையில பாரு. இன்னிக்குத் தேதி. பேட்டரி மாத்திட்டேன்."

அவள் மூலையைப் பார்த்தாள். முகத்தில் இருந்த சந்தோஷம் அப்படியே வடிந்துபோனது. சாஃப்ட்வேரைத் திறந்தாள். நடுவில் ஒரு கட்டம் வந்தது. 'உரிமக் காலம் முடிந்துவிட்டது. புதுப்பிக்கவும்.' அதன் கீழே ஒரே ஒரு பொத்தான், 'சரி' என்று. அதை அழுத்தினால் எல்லாம் மூடிக்கொண்டது. இதில் சரி என்ன வேண்டிக் கிடக்கிறது என்று தெரியவில்லை.

மெக்கானிக் மச்சினன் பக்கம் திரும்பினார். பயந்துபோன மனிதன் பக்கத்தில் இருப்பவன் மேல்தான் பாய்வான். "மாப்ளே, நீ கொண்டு வந்த பட்டைதான். எவன் வீட்டு ஓட்டை உடைசலோ."

"மாமா, நல்லா இருக்கே கதை. பட்டைக்கும் உரிமத்துக்கும் என்ன சம்பந்தம்? நீங்க எதையாவது நோண்டியிருப்பீங்க."

"நான் நோண்டினேனா? முப்பது வருஷம் தொழில் பண்ணினவன்டா."

"ஃபிரிட்ஜ் தொழில்!"

"ரெண்டு பேரும் நிறுத்தறீங்களா," என்றாள் அவள். மெதுவாகத்தான் சொன்னாள். இருவரும் நிறுத்தினார்கள். "அவன் பட்டையும் இல்லை, உங்க கையும் இல்லை. நான்தான்."

மேசை மேல் இருந்த திருப்புளியை எடுத்து உருட்டிக்கொண்டே சொன்னாள்.

"அந்த சாஃப்ட்வேர் ஒரு வருஷத்துக்குன்னுதான் வாங்கினது. அடுத்த வருஷம் பணம் கட்டலாம்னு போனா கடையே இல்லை. போன் பண்ணினா எடுக்க ஆள் இல்லை. ரெண்டு நாள் அழுதுட்டு, தேதியைப் பின்னால தள்ளி வச்சுப் பார்த்தேன். திறந்துடுச்சு. அதுலேருந்து தினம் காலைல தள்ளி வைப்பேன். அப்புறம் அந்த பேட்டரி செத்துது. அதுவாவே ஜனவரி ஒன்னுக்குப் போயிடும். எனக்கும் தினம் ஒரு பொய் மிச்சமாச்சு."

மச்சினன் வாயைப் பிளந்தான். "எத்தனை வருஷமா அக்கா?"

"பதிமூணு."

"நீயா? கடைக்காரன் ஒரு காசு அதிகமாக் கொடுத்துட்டான்னு, பத்து வயசுல என்னைத் திருப்பி அனுப்பினவ நீ! அந்த ஆள் தூங்கிட்டு இருந்தான், எழுப்பித் திட்டு வாங்கிட்டு வந்தேன்!"

"அதனாலதான்டா உன் முன்னாடி சொல்ல முடியலை."

அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, தண்ணீர் குடித்து, மறுபடியும் சிரித்தான். ஒரு மெய்யெழுத்துக்குப் புள்ளி விட்டுப்போனால் முழுப் பக்கத்தையும் திரும்பப் பார்க்கிற அக்கா பதிமூன்று வருடம் காலண்டருக்கே காது குத்தியிருக்கிறாள் என்பது அவனுக்குத் தாங்கவில்லை. மெக்கானிக் மட்டும் சிரிக்கவில்லை. தேவையில்லாததைத் தொடாதீங்க என்று அவள் சொல்ல வந்தது இப்போதுதான் முழுதாகக் காதில் விழுந்தது. கெட்டுப்போனதை எல்லாம் மாற்றினோம், அதில் ஒன்று கெட்டுப்போனதாலேயே இந்த வீடு நடந்துகொண்டிருந்தது.

"சரி, அவ்வளவுதானே. பின்னால தள்ளி வை," என்றார்.

தள்ளி வைத்தார்கள். ஜனவரி ஒன்று. திறந்தாள். அதே கட்டம், அதே 'சரி'.

மச்சினனின் சிரிப்பு நின்றது. "அது இன்னிக்குத் தேதியைப் பார்த்துடுச்சு அக்கா. எங்கயோ குறிச்சு வச்சிருக்கும். இனிமே ஏமாறாது."

அவள் கையெழுத்துக் கட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அழவில்லை. அச்சகக்காரருக்கு என்ன சொல்வது என்று மனதுக்குள் சொற்களை அடுக்குகிறாள் என்பது அவருக்குத் தெரிந்தது. இருக்கிற ஒரே வருமானத்தையும் ஒரு பொத்தான் பேட்டரி போட்டு முடித்துவைத்தவன் நான்தான் என்று அவருக்கு உறைத்தது. அலமாரிப் பக்கமாகப் போய் நின்றார். முகத்தைக் காட்டாமல் இருக்கத்தான் போனார். அங்கேதான் அந்தத் துணி மூட்டை கண்ணில் பட்டது.

"மாப்ளே."

"என்ன மாமா?"

"இன்னிக்குத் தேதியைப் பார்த்தது புது டிஸ்க்தானே?"

"ஆமா."

"இது பார்க்கலையே." துணியை அவிழ்த்தார். "வியாழக்கிழமை மூணு மணிக்கு இது ஜனவரி ஒன்னுலதானே செத்துச்சு. அதுக்கப்புறம் இதை இந்தக் கம்ப்யூட்டர்ல மாட்டவே இல்லை. மறுபடி காப்பி எடு. மாட்டறதுக்கு முன்னாடியே தேதியைப் பின்னால வச்சுடுவோம்."

மச்சினன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். ஃபிரிட்ஜ் தொழில் என்று சொன்னவன் காப்பி எடுக்கிற பெட்டியைத் திரும்பவும் மேசையில் வைத்தான்.

இந்தத் தடவை பழைய டிஸ்க் அவ்வளவு சுலபமாகக் கொடுக்கவில்லை. கால்வாசி போவதற்குள் கிட்டிக் கிட்டி என்று அடிக்க ஆரம்பித்தது. தொட்டால் சுட்டது. வெளியே வெயில், கீழே இருந்து நீராவி, நடுவில் இது.

"ஃபிரீசர்ல ஒரு பத்து நிமிஷம் வச்சா சரியாகும்னு வீடியோல பார்த்தேன் மாமா."

"வீடியோல சொன்னவனைக் கூட்டிட்டு வா, அவனை ஃபிரீசர்ல வைக்கறேன். வெளிய எடுத்ததும் தண்ணி கோத்துக்கும்டா. உள்ள ஒரு சொட்டு போனா முடிஞ்சுது."

மேசை விசிறியைக் கொண்டுவந்தார். டிஸ்க்கை இரண்டு தீப்பெட்டிகளின் மேல் படுக்கவைத்தார், அடியிலும் காற்றுப் போகட்டும் என்று. ஃபிரிட்ஜ் பின்பக்கத்திலிருந்து எப்போதோ கழற்றி வைத்த ஒரு அலுமினியத் தகட்டைப் பசை தடவி அதன் முதுகில் ஒட்டினார். ஈரத் துணியை விசிறிக்கு இரண்டடி தள்ளி, காற்று அதைத் தொட்டுவிட்டு வருகிற மாதிரிக் கட்டினார். கையை நீட்டிக் காற்றைத் தொட்டுப் பார்த்து, துணியை அரையடி நகர்த்தினார். பத்து நிமிடத்தில் டிஸ்க் சுடுவதை நிறுத்தியது. அடிப்பதும் குறைந்தது.

மூன்று மணி நேரம் மூவரும் அதைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அவள் ரொட்டியும் அவித்த முட்டையும் கொண்டுவந்து வைத்தாள். முட்டை ஓடு உரிக்கிற சத்தம்கூட டிஸ்க்குக்குக் கேட்டுவிடுமோ என்பது போல மெதுவாக உரித்தார்கள். தொண்ணூற்று நாலு சதவீதத்தில் ஒரு தடவை நின்று, எல்லாருடைய உயிரையும் வாங்கிவிட்டு, மறுபடி நகர்ந்தது.

ஐந்து மணிக்கு அவள் சாஃப்ட்வேரைத் திறந்தாள். கட்டம் வரவில்லை. 'மேற்படி சொத்தின் வடபுறச் சுவரில்' வந்தது. வரிக்கு வரி சேமிக்கிற பழக்கம் அவளுக்கு, அதனால் கடைசி மூன்று சொல்தான் போயிருந்தது. அவள் திரும்பி அவர் கையைப் பிடித்து, பசையும் கரியுமாக இருந்ததைப் பொருட்படுத்தாமல் ஒரு தடவை அழுத்திவிட்டு, உடனே விட்டுவிட்டாள். தம்பி பக்கத்தில் நின்றான். அன்று மாலையே மெக்கானிக் கம்ப்யூட்டரை அணைத்து, புதுப் பேட்டரியைத் தன் கையாலேயே நெம்பி எடுத்துவிட்டுச் செத்ததைத் திரும்பப் பொருத்தினார். முப்பது வருடத் தொழிலில் நல்லதை எடுத்துவிட்டுக் கெட்டதை மாட்டியது அதுதான் முதல் தடவை.

ஆனாலும் அரை நாள் போய்விட்டது. அறுபது பக்கம், இரண்டே நாள். கோழிக் கிளறலைப் படித்துப் படித்துத் தட்டச்சு செய்தால் நடக்காது. திங்கட்கிழமை காலை அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நான் வாசிக்கறேன். நீ அடி."

"உங்களுக்கு இந்தக் கையெழுத்து புரியுமா?"

"சர்வீஸ் கம்பெனியில டாக்டர் வீட்டு ரசீதெல்லாம் படிச்சவன் நான்."

முதல் பத்து பக்கம் சண்டையிலேயே போனது. அவர் வாயில் 'வழக்கு' எல்லாம் 'வளக்கு' ஆக வந்தது. 'அனுபவ பாத்தியதை' என்பதை அனுபவப் பாத்திரம் என்று வாசித்தார். எந்தப் பாத்திரம், சோற்றுப் பாத்திரமா என்று அவள் கேட்டாள். மத்தியானத்துக்குள் இருவருக்கும் ஓட்டம் பிடிபட்டுவிட்டது. அவளுக்கு ஓட்டம் வந்துவிட்டால் பொருள் மண்டையில் ஏறாது. காதில் விழுவது நேரே விரலுக்குப் போய்விடும், நடுவில் அவளிடம் நிற்காது. கமாவும் ஒற்றும் சந்தியும் மட்டும் தாமாக விழுந்துகொண்டிருக்கும். அவர் இத்தனை வருடத்தில் அவளை இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்து பார்த்ததில்லை. இது என்ன வேகம் என்று மலைத்துப்போனார்.

செவ்வாய்க்கிழமை நாலு மணிக்குப் பதினொரு பக்கம்தான் பாக்கி. அச்சகக்காரருக்குப் போன் செய்து நாளைக் காலை பத்துக்கு வந்துவிடும் என்று சொல்லியாகிவிட்டது. வெளியே மேகம் கூடி வெயில் தணிந்திருந்தது. அவர் ஒரு பக்கத்தைப் புரட்டினார். மேற்படி சொத்தை மேற்படி நபர் ஆட்சேபணை இல்லாமல் ஆண்டு அனுபவித்து வருவதில் என்று ஒரு வாக்கியம் போய்க்கொண்டே இருந்தது. அதை வாசித்து முடித்தார். முடித்தவர், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், குரலையும் மாற்றாமல், தொடர்ந்து வாசித்தார்.

"மேற்படி வீட்டில் குடியிருந்து வரும் மேற்படி மெக்கானிக் ஆகிய நான், கடந்த நான்கு மாத காலமாகச் சும்மா இருந்து வருவதில், எனக்கு மிகுந்த மனக்கஷ்டம் உள்ளது என்பதையும், அதை என் மனைவியிடம் வாயால் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை என்பதையும், இதன் மூலம் ஒப்புக்கொள்கிறேன்."

விசைகள் கடகடவென்று அத்தனையையும் வாங்கிக்கொண்டன. முற்றுப்புள்ளியும் வைத்தாள். அடுத்த வரிக்காக விரல்கள் காத்திருந்தன.

வரி வரவில்லை. அவள் திரையைப் பார்த்தாள். படித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள். அவர் தாளையே வெறித்துக்கொண்டிருந்தார், காது இரண்டும் சிவந்திருந்தன.

அவள் அழிக்கப்போகிறாள் என்று நினைத்தார். அவள் அம்புக்குறியை மெல்ல மேலே கொண்டுபோனாள். 'சும்மா' என்ற சொல்லில் நிறுத்தினாள். அந்தச் சொல்லை மட்டும் எடுத்தாள். அது போனதும் 'காலமாகச்' என்பதன் கடைசியில் நின்ற ச், துணை இல்லாமல் தொங்கியது. அதையும் எடுத்தாள். வாக்கியத்தை வெட்டித் தனியாக ஒரு புதுக் கோப்பில் போட்டுச் சேமித்துவிட்டு, புத்தகத்துக்குத் திரும்பினாள்.

"அந்த ஒரு வார்த்தை தப்பா இருந்துச்சு," என்றாள். "ம், வாசிங்க. அடுத்த வரி."